மீசையெடுத்த வீரனின் இரண்டாம் பாகம்

எங்கள் ஊர்க் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த சண்டைப் படத்துக்கு முடிவு கிடையாது. எடுத்தவர்கள் முடிவோடுதான் எடுத்திருப்பார்கள். ஆனால் ஜப்பானியர் படையெடுத்து வந்த நாட்களில் சிகாமட் ரயில் நிலையச் சரக்கறை தீப்பிடித்தபோது, பழுது பார்க்க அனுப்புவதற்காக அங்கே வைத்திருந்த கடைசிச் சுருள் எரிந்துபோனது. மற்றச் சுருள்கள் கொட்டகையிலேயே இருந்ததால் பிழைத்தன. ஆட்சி மாறி, புதுப் படம் எதுவும் வராத காலத்தில், ஊர்மக்கள் அந்த ஒரே தமிழ்ப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் கொடிய திவான் குதிரையேறித் தப்பிப்பதோடு விளக்கைப் போட்டுவிடுவார்கள். அவன் எங்கே போனான் என்பது ஊரின் தீராத வழக்காக இருந்தது.

படத்தை ஓட்டியவன் என் அண்ணன். அப்பா போருக்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா, அண்ணன், நான் என வீட்டில் மூவர். ஆற்றோரக் கொட்டகை அது. வெள்ளம் வரும்போது முன்வரிசைப் பெஞ்சுகளைத் தூக்கி மேடையில் அடுக்குவதும் அண்ணனின் வேலைதான். கொட்டகை ஊழியன் என்பதற்கு அடையாளமாக, ஜப்பானிய எழுத்துப் பொறித்த துணிப்பட்டை ஒன்றை அவன் கையில் கட்டியிருந்தான். அது இருக்கும்வரை அவனை யாரும் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். அவன் வயது ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அங்கே ரயில் பாதை போட அனுப்பப்பட்டார்கள். அவர்களை ஏற்றிய வண்டிகள் தண்ணீர் பிடிக்க எங்கள் நிலையத்தில் நிற்கும். திரும்பி வரும் வண்டிகளில் அவர்கள் இருக்க மாட்டார்கள். இதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அண்ணன் குளிக்கப் போனால், கழற்றி வைத்த பட்டையை அம்மா கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்.

இந்த நிலையில், படச்சுருளின் ஓரத்தில் பதிந்த ஒலியைப் படிக்கும் சிறு விளக்கு எரிந்துபோனது. மாற்று விளக்கு எங்கும் கிடைக்கவில்லை. ஊமையாகிப்போன படத்துக்குக் கொட்டகை மேலாளரே குரல் கொடுக்கத் தொடங்கினார். மாதா கோவில் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுபவர் அவர். வீரனுக்கும் திவானுக்கும் குதிரைகளுக்கும் அக்குரல் பொருந்தியது. கதாநாயகி அழும் இடத்தில் அவர் அழுதபோதுதான் பெண்கள் பகுதியில் சிரிப்பு அடங்கவில்லை.

“பொம்பளைங்க சிரிக்கிறாங்க சார்,” என்று அண்ணன் சொன்னானாம். “என் தங்கச்சி நல்லா வாசிப்பா.”

“கூட்டத்துக்கு முன்னால பேசுமா?”

“பேசாது. அதனால திரைக்குப் பின்னால நிக்க வச்சிருவோம்.”

என் இயல்பை இதைவிடச் சரியாகக் கணித்த ஏற்பாடு பின்னர் அமையவில்லை. கான்வென்ட் மூடப்பட்டபோது நான் கடைசி வகுப்பில் இருந்தேன். நடக்கப்போவதில்லை என்று எல்லாரும் சொன்ன தேர்வுக்காக, கையிலிருந்த தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் சமையலறைக்குப் போய்விடுகிற பெண், கொட்டகை நிறைந்த கூட்டத்துக்குக் காதலும் வஞ்சினமும் பேசினாள்; இடையில் ஒரு வெள்ளைத் துணி இருந்தது, அவ்வளவுதான். முதலில் கதாநாயகி மட்டும். பிறகு தோழிகள், அரசி. மேலாளருக்கு நெஞ்சுச்சளி கட்டியபோது திவானும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தான்.

திரைக்குப் பின்னால் நிற்பவருக்குப் படம் இடம்வலம் மாறித் தெரியும். கதாநாயகியின் முந்தானை வலத்தோளில் கிடக்கும். வீரன் இடக்கையால் சவுக்கைச் சொடுக்குவான். நாளடைவில் அது எனக்கு இயல்பாகிவிட்டது. தகரத்தால் செய்த ஊதுகுழாய் ஒன்றை வாயருகே பிடித்துக்கொண்டு பேசுவேன். அந்தக் குரல் யாருடையது என்று வெளியில் தெரியாது. ஞாயிற்றுப் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்ற பெண்கள், “கூச்சமில்லாம கத்துதே, யார் வீட்டுப் பொண்ணோ!” என்றபோது, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்ற பாவனையில் தலையசைத்திருக்கிறேன்.

படத்தோடு அரசாங்கச் சுருள் ஒன்றையும் காட்டியாக வேண்டும் என்பது ஆணை; அதை முதலிலேயே ஓட்டிவிடுவோம். எங்களுக்கு வந்து சேர்ந்தது, ஜப்பானில் ஒரு ராணுவப் பள்ளியின் ஒருநாள் வாழ்க்கை. மாணவர்கள் எழுகிறார்கள். குளிர்ந்த நீரில் துணியை நனைத்து உடம்பைத் தேய்க்கிறார்கள். பேரரசரின் அரண்மனை இருக்கும் திசை நோக்கி வணங்குகிறார்கள். மரவாளால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். உண்கிறார்கள். குன்றின்மேல் ஓடுகிறார்கள். அழகாக எடுக்கப்பட்ட படம். ஆனால் அதில் கதை இல்லை என்பதை ஊர்மக்கள் முதல் நாளே கண்டுகொண்டு, அது முடியும்வரை வெளியே நின்று கச்சான் கடலை தின்றார்கள்.

ஒருநாள் முன்னறிவிப்பின்றி வந்த அதிகாரி, காலிப் பெஞ்சுகளோடு சேர்ந்து அந்தச் சுருளை முழுவதும் பார்த்தார். வட்டக் கண்ணாடி அணிந்த, மெதுவாகப் பேசும் மனிதர் என்று அண்ணன் சொன்னான். அவர் அரைகுறை மலாயில் சொல்லிவிட்டுப் போனதை மேலாளர் எங்கள் வீட்டுக்கே வந்து தெரிவித்தார்.

“அடுத்த மாசம் திரும்ப வருவாராம். அப்பவும் பெஞ்சு காலியா கெடந்தா கொட்டகைய மூடிருவாராம். இங்க வேலை பாக்குற எளவட்டத்த உபயோகமான வேலைக்கு அனுப்புவாராம்.”

உபயோகமான வேலை எது, அது எந்தத் திசையில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா அன்று மரவள்ளிக்கிழங்கைத் தோல் உரிக்காமலேயே அடுப்பில் வைத்துவிட்டார். அப்படியே தின்றோம்.

“ஜனங்கள கெஞ்சிப் பாக்கலாம் சார்,” என்றான் அண்ணன்.

“கெஞ்சிட்டேன்லா. ‘அந்தப் பசங்க குளிக்கிறத நாங்க எதுக்குப் பாக்கணும்’னு கேக்குறாங்க. நியாயம்தானே? அதுல அவங்களுக்குத் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுகூட இல்ல.”

“தெரிஞ்சவங்க ஒருத்தர் உள்ள இருந்தா?” என்று கேட்டேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர்கள் பேசும்போது நான் வாய் திறப்பது அபூர்வம். ஆகவே அந்த வாக்கியத்துக்கு அதன் தகுதிக்கு மிஞ்சிய கவனம் கிடைத்தது. வேறு வழியில்லாமல் மேலே சொல்ல வேண்டியதாயிற்று. தப்பிய திவான் கடல் கடந்துபோய், பெயரை மாற்றிக்கொண்டு, ஒரு ராணுவப் பள்ளியில் குதிரையேற்றம் கற்பிக்கிறான். அவனைத் தேடி நம் வீரன் மாணவன் வேடத்தில் அதே பள்ளியில் சேருகிறான்.

மேலாளர் நெடுநேரம் யோசித்தார். “நம்ம வீரருக்கு மீசை இருக்கேம்மா. அந்தச் சுருள்ல ஒருத்தனுக்கும் மீசை இல்லையே.”

“எடுத்துட்டாரு, சார்.”

“தலைமுடி?”

“அதையும்.”

மேலாளர் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த மீசைக்கு ஊரில் அவ்வளவு மரியாதை இருந்தது.

அரசாங்கச் சுருளில் கத்தரி படக் கூடாது என்பது கண்டிப்பான விதி. எனவே பழைய படத்தின் சுருள்களில் சில முன்னால், ராணுவப் பள்ளி நடுவில், மிச்சம் பின்னால் என்று அண்ணன் வரிசைப்படுத்தினான். முதல் பாகத்தின் நடுவில் வருகிற சவுக்குச் சண்டையை இறுதிக்குக் கொண்டுபோனான். இவற்றை ஒட்டவைக்கும் பசை என் பேச்சு ஒன்றுதான். பள்ளிச் சுருளில் குதிரைமேல் வரும் பயிற்சி ஆசிரியருக்குத் திவானின் மூக்கே இருந்தது எங்கள் பேறு. ஆளும் நாட்டின் ராணுவ ஆசிரியரைக் கொடியவனாக்குவதன் ஆபத்து எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த மூக்கு வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

விளம்பரப் பலகை வைக்கவில்லை. மேலாளர் முடிதிருத்தகத்துக்குப் போய், இது மிகவும் ரகசியம் என்று சொல்லி ஒருவரிடம் சொன்னார். பொழுது சாய்வதற்குள் தோட்டங்கள்வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

முதல் காட்சியன்று பெஞ்சுகள் போதவில்லை. தரையிலும் உட்கார்ந்தார்கள். பழைய சுருள்கள் ஓடி முடிந்து, ராணுவப் பள்ளியின் வாயில் திரையில் தோன்றியபோது எழுந்து போகத் தொடங்கியவர்களைக் குழாய் வழியே நிறுத்தினேன். “இந்தப் பள்ளியில்தான் திவான் ஒளிந்திருக்கிறான்!” போனவர்கள் உட்கார்ந்தார்கள். மாணவர்கள் உடம்பு தேய்க்க வரிசையாக வந்து நின்றார்கள். வலது ஓரத்தில், உயரமாக, அகன்ற தோள்களோடு, காவிய நாயகர்க்குரிய கண்களோடு ஒருவன் நின்றான். அவனை நான் பல நாட்களாகவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

“வலது கோடியில் நிற்பவரை உற்றுப் பாருங்கள்,” என்றேன். “மழித்த தலை. மீசையற்ற முகம். ஆயினும் அந்தக் கம்பீரத்தை மறைக்க முடியுமா?”

நான் எதிர்பார்த்த ஆரவாரம் எழவில்லை.

“அலமாக்! அவரா?” என்றது ஓர் ஆண்குரல்.

“கண்ணாடி போட்டிருக்காரே!”

கண்ணாடியா? தலைநிமிர்ந்து தேடினேன். வரிசையில் கண்ணாடி அணிந்தவன் ஒருவன்தான். எனக்கு இடது கோடியில், தொப்பையும் உருண்டை முகமுமாக, ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்து மேலும் மங்கலாக்கிக்கொண்டிருந்தான். புடவையும் சவுக்கும் இருந்திருந்தால் இடமெது வலமெது என்று நினைவு வந்திருக்கும். ஒரே மாதிரி உடை உடுத்தியவர்களின் வரிசையில் எதுவும் என்னை எச்சரிக்கவில்லை. என் வலது, கொட்டகைக்கு இடது. நான் காட்டியது ஒருவனை, அவர்கள் பெற்றுக்கொண்டது வேறொருவனை.

சொன்னதைத் திரும்பப் பெறும் வசதி தகரக் குழாய்க்கு இல்லை. நான் அடுத்த வரியைத் தேடிய இடைவெளியில் பெண்கள் பகுதி கதையை எடுத்துக்கொண்டது.

“அதுதான்டி வேஷம்! கண்ணாடி இல்லாமப் போனா திவானுக்கு அடையாளம் தெரிஞ்சிராதா?”

“சரி, தொப்பை?”

“அங்க சோறு போடுறாங்கல்ல! நம்மள மாதிரி கிழங்கா தின்னுறாரு?”

“இருந்தாலும் கொஞ்சம் பாத்து சாப்பிட்டிருக்கலாம்.”

என் உயரமான மாணவன் தன் கண்களோடு கூட்டத்தில் ஒருவனாகிப் போனான். “ஆம், யாரும் சந்தேகிக்க முடியாத வேடம்!” என்று குழாயில் சொன்னேன். அந்த நொடியில் கதை என் கையைவிட்டுப் போயிற்று. அதன் பிறகுதான் அது நன்றாக ஓடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மரவாள் பயிற்சியில் கண்ணாடிக்காரன் அடி வாங்கினான். “வேணும்னே வாங்குறாரு” என்று கொட்டகை மகிழ்ந்தது. உணவுக்கூடம் வந்தது. கிண்ணங்களில் வெள்ளைச் சோறு ஆவி பறந்தது. அந்த இடத்துக்கு நான் எழுதி வைத்திருந்த வசனம் எதையும் பேச முடியவில்லை. அவ்வளவு பேர் அமர்ந்திருந்த இடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சோறு மறைந்து வேறு காட்சி வந்தபின், “அத மட்டும் இன்னொரு தடவ போடுங்கலா,” என்று யாரோ கெஞ்சினார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

குதிரைமேல் ஆசிரியர் வந்தபோது கொட்டகை கொதித்தது. “டேய் திவான், இங்கதான் இருக்கியா?” என்று பின்வரிசை எழுந்து நின்றது. குன்றோட்டத்தில் கண்ணாடிக்காரன் கடைசியாக, மூச்சு வாங்க, ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். முதலில் வந்தவனை யாரும் பார்க்கவில்லை. “ஓடு ராசா, ஓடு!” என்று கடைசியாக வந்தவனுக்குத் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

பள்ளிச் சுருள் முடிந்து, பழைய படத்தின் குதிரைத் துரத்தல் தொடங்கியது. ஒல்லியான உடம்போடும் முழு மீசையோடும் வீரன் தோன்றினான். இந்த இடம்தான் எனக்கு இரவெல்லாம் கவலையளித்தது. “தப்பும் அவசரத்தில் ஒட்டுமீசை ஒன்றை அணிந்துகொண்டார்,” என்றேன். ஊரே வணங்கிய உண்மையான மீசையை ஒட்டுமீசை என்று அறிவிக்கும்போது மனத்துக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. தொப்பை எங்கே போனது என்பதற்கு நான் விளக்கம் தேடுமுன், முன்வரிசைப் பெண்ணொருத்தி பக்கத்திலிருந்தவளுக்குச் சொல்லிவிட்டாள்: “அந்த மலையில ஓடினா யாருதான் எளைக்க மாட்டாங்க?”

அதன் பிறகு ஒருநாள்கூட பெஞ்சு காலியாக இருக்கவில்லை. பங்கீட்டுக் கடை வரிசையில் நிற்கும்போது, எனக்கு முன்னால் இருந்தவர்கள் என் கதையைப் பற்றிச் சண்டையிட்டார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கதாநாயகியைப் பார்க்கப் போவாரா, கண்ணாடியோடு போவாரா என்பது வழக்கு. கண்ணாடியோடுதான் போவார், அவளுக்கும் ஒரு சோதனை வேண்டாமா, என்று கிழங்குப் பையை இடுப்பில் இடுக்கிய ஒரு பெண்மணி தீர்ப்புச் சொன்னார். அடுத்த காட்சியில் அப்படியே மாற்றிக்கொண்டேன். போர் முடிந்து, இப்போது நான் படிக்கும் கல்லூரியில் கதைக்கட்டுக்கோப்பு பற்றி ஆசிரியர் விளக்கும்போது, எழுதுபவன் ஒருவனே கதைக்கு எஜமானன் என்று சொல்லக் கேட்கிறேன். குறிப்பெடுத்துக்கொள்கிறேன். மறுத்துப் பேசுவதில்லை.

அடுத்த மாதம் அதிகாரி சொன்னபடியே வந்தார். பழைய சுருள்கள் ஓடிக்கொண்டிருந்தன. பள்ளிச் சுருளுக்கு முன்னால் அண்ணன் சுருள் மாற்றுவதற்கான இடைவேளையில், மேலாளர் திரைக்குப் பின்னால் ஓடிவந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“தங்கச்சி, அவரு தனியா வரல. மொழிபெயர்க்குற ஆள் ஒருத்தர கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. தமிழராம். நீ பேசுற ஒவ்வொரு வார்த்தையும் அந்த அதிகாரி துவான் காதுக்குப் போகும்.”

“இப்ப என்ன செய்றது சார்?”

“கதைய விட்டுரு. திவானும் வேணாம், மாறுவேஷமும் வேணாம். படத்துல என்ன இருக்கோ அத மட்டும் சொல்லு.”

“ஜனங்க? அவங்க பழக்கத்துல கத்துவாங்களே?”

“அவங்கள மாதா பாத்துக்கட்டும். நீ ஒன் வாயப் பாத்துக்க.”

விளக்கு அணைந்தது. சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், ‘திவான்’ என்ற ஒரு சொல்லை மட்டும் தவறிச் சொல்லிவிட்டால் அண்ணன் வடக்கே போகும் வண்டியில் இருப்பான். உதட்டைக் கடித்துக்கொண்டு குழாயைத் தூக்கினேன்.

“இது ஒரு ராணுவப் பள்ளி. மாணவர்கள் அதிகாலையில் எழுகிறார்கள்.”

கொட்டகை காத்திருந்தது.

“குளிர்ந்த நீரில் உடம்பைத் தேய்க்கிறார்கள். இது உடலுக்கு நன்மை தருவது.”

கண்ணாடிக்காரன் வந்து நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. திரைக்கு மிக அருகே, முன்வரிசைப் பெண்கள் முணுமுணுத்தார்கள். துணிக்கு இந்தப் பக்கம் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“ஏன், அவர காட்டவே இல்லையே? அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“மெதுவா பேசுடி. பின்னால யார் உக்காந்திருக்காங்க பாரு. மாறுவேஷத்துல இருக்குறவர, அவனுங்க முன்னாலயே இவர்தான்னு கைய காட்டுவாங்களா?”

“அட, ஆமாம்லா!”

அந்த ‘ஆமாம்லா’ பெஞ்சு பெஞ்சாகப் பின்னோக்கிப் போவதை என்னால் கேட்க முடிந்தது. லாலான் புல்லில் காற்று நகர்வதுபோல. கண்ணாடிக்காரனை மட்டுமன்றி என்னையும் அவர்கள் மாறுவேடத்தில் சேர்த்துவிட்டார்கள். அதன்பின் நான் சொன்ன ஒவ்வொரு வறட்டு வாக்கியமும் அவர்களுக்குச் சங்கேத மொழியாயிற்று. “மாணவர்கள் மரவாள் பயிற்சி செய்கிறார்கள்” என்றேன். அர்த்தத்தோடு கனைத்தார்கள். “இப்போது உணவு உண்கிறார்கள்” என்றேன். ஆமோதித்துக் கைதட்டினார்கள்.

குதிரைமேல் ஆசிரியர் வந்தார். வழக்கமாகக் கொட்டகை எழுந்து நின்று வசைபாடும் இடம். ஒரு குரல்கூட எழவில்லை.

“இவர் குதிரையேற்ற ஆசிரியர்,” என்றேன். “மாணவர்கள் இவரிடம் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறார்கள்.”

“நாங்களும் வச்சிருக்கோம்!” என்றது பின்வரிசை. “ரொம்ப நாளாவே வச்சிருக்கோம்!”

கைதட்டல் இடிபோல எழுந்தது. சீழ்க்கையும் வந்தது. பல நாள் வசவையெல்லாம் அந்தக் கைகளில் கொட்டினார்கள். ஆசிரியர் குதிரையை விட்டு இறங்கிப் போகும்வரை ஓயவில்லை.

குன்றோட்டத்தில்தான் கட்டு உடைந்தது. கண்ணாடிக்காரன் தடுமாறி, விழப்போய், சமாளித்தபோது, உணர்ச்சிவசப்பட்ட ஒருவர் தம்மை மறந்து கத்திவிட்டார்: “கண்ணாடிய பிடிச்சிக்கிட்டு ஓடு ராசா! திவான் பின்னாலயே வர்றான்!”

திரையில் அவன் ஓடிக்கொண்டிருந்தான். “மாணவர்கள் ஓடுகிறார்கள்,” என்று மட்டும் சொன்னேன்.

அண்ணன் மேலே எந்திர அறையின் சன்னல் வழியே பின்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மாலை முழுவதும், ஒவ்வொரு கூச்சலுக்கும் அந்த மொழிபெயர்ப்பாளரின் தலை அதிகாரியின் காதுப் பக்கம் சாய்ந்ததாம். அந்த ஒரு கூச்சலுக்கு மட்டும் சாயவில்லையாம். நேரே திரையைப் பார்த்தபடி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவர் யார், எந்த ஊர்க்காரர் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

படம் முடிந்து கூட்டம் கலைந்தபின் அதிகாரி மேடையருகே வந்தார். அண்ணனையும் கீழே கூப்பிட்டார்கள். நான் திரைக்குப் பின்னாலேயே நின்றேன். துணியில் அவர்களின் நிழல் விழுந்தது.

“பாகுஸ்,” என்று மலாயில் பாராட்டினார் அதிகாரி. பிறகு தம் மொழியில் நீளமாகப் பேசினார்.

மொழிபெயர்ப்பாளரின் தமிழ் நிதானமாக வந்தது. “துவானுக்கு ரொம்ப சந்தோஷம். ராணுவப் பள்ளிய இவ்வளவு ஆசையா பாக்குற ஊர அவர் எங்கயும் பாத்ததில்லையாம். ஒண்ணு மட்டும் கேக்குறாரு. கடைசியில ஓடி வந்த கண்ணாடிப் பையனுக்கு எதுக்கு அவ்வளவு கைதட்டல்?”

மேலாளர் முந்திக்கொண்டார். “முடியலன்னாலும் விடாம ஓடுறாரு பாருங்க. அந்த முயற்சிக்குத்தான்.”

மொழிபெயர்ப்பாளர் இதை அவரிடம் சொன்னார். அதிகாரி தம் வட்டக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டதாக அண்ணன் பிறகு சொன்னான். மறுபடி பேசியபோது அவர் குரல் உற்சாகமாக இருந்தது. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

“கொட்டகைய தொடர்ந்து நடத்தலாம்னு சொல்றாரு. ஆனா இவ்வளவு ஆர்வத்த வீணாக்கக் கூடாதாம். இங்க வேலை செய்யுற எளவட்டம் நாளையிலேர்ந்து பயிற்சியில சேரணுமாம்.”

திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அது அசைந்ததை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

“எங்க சார்?” என்றான் அண்ணன். அவன் குரல் அவ்வளவு மெலிந்து நான் கேட்டதில்லை. “சயாமுக்கா?”

“சயாமுக்கு எதுக்குப்பா? இங்கதான், பள்ளிக்கூடத் திடல்ல. காலையில மட்டும். சாயங்காலம் நீதானே படம் ஓட்டணும்?”

கொஞ்சம் பொறுத்து, வாய்க்குள் சிரிக்கிறவர்போல அவரே சேர்த்துக்கொண்டார்: “மொட்டை அடிச்சிக்கிட்டு வரணும். மீசை இருந்தா அதையும்.”

அண்ணனுக்கு அப்போதுதான் மீசை கொஞ்சம் அரும்பியிருந்தது. அதற்காக அவன் தினமும் கண்ணாடி முன் பட்ட பாட்டை நான் அறிவேன். எந்தத் தயக்கமும் இல்லாமல், “சரி சார்,” என்றான். வீட்டுக்கு வந்து, பயிற்சி மாணவனுக்கென்று அதிகாரி கொடுத்த புதுப் பட்டையைப் பழைய பட்டைக்கு மேலே கட்டிக் காட்டினான். ஒரே கையில் இரண்டு காவல். அம்மா இரண்டையும் தடவிப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலைத் தேடி எடுத்துவந்து, யாரிடமும் கேட்காமல் அவரே முடியை வெட்டத் தொடங்கினார்.

அண்ணன் நல்ல பயிற்சி மாணவன் அல்ல. திடலைச் சுற்றி ஓடச் சொன்னால் எல்லாரும் ஓடி முடித்து நிழலில் உட்கார்ந்தபிறகு வந்து சேருவான். வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற தோட்டத்துச் சனங்கள் அவனைக் கைதட்டி ஊக்குவித்தார்களாம். அதைச் சொல்லும்போது அவனுக்கு அழுகையே வந்தது. நாள்தோறும் நொண்டிக்கொண்டு வந்து, கதவைத் திறக்குமுன்பே புலம்பத் தொடங்குவான்.

“காலு ரெண்டும் போச்சும்மா. அந்தப் பயிற்சிக்காரரு மனுஷனே இல்ல. நாளைக்கு நான் போமாட்டேன்.”

“போவ. காலக் காட்டு.”

தேங்காயெண்ணெய் கிடைக்காத காலம். காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் சிவப்பு எண்ணெயைச் சுடவைத்து, அம்மா அவன் காலை மடியில் வைத்துத் தேய்ப்பார். கட்டை விரலால் அழுத்தி, இரக்கமே இல்லாமல் தேய்ப்பார்.

“ஐயோ, மெதுவாம்மா! வலிக்குது!”

“கத்து,” என்பார் அம்மா. “நல்லா கத்து. நீ இங்கதான் இருக்கன்னு ரெண்டு வீடு தள்ளிக் கேக்கட்டும்.”